இரண்டாம் முறை மூக்கில் கத்தி வைப்பதற்கு முன்

மூக்கு அறுவை செய்துகொண்ட ஒருவர் "நினைத்த மாதிரி வரவில்லை" என்றால், சுற்றியிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "இன்னொரு தடவை போய் ஒரு டச்-அப் பண்ணிட்டா சரியாயிடும்" என்பார்கள். இல்லையென்றால், "ஒரு தடவை கை வெச்சாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்பார்கள். இரண்டுமே தவறு. திருத்த முடியும், ஆனால் அது டச்-அப் இல்லை. முதல் அறுவையைவிடக் கடினமான, வேறு வகையான வேலை அது. மருத்துவர்கள் அதை ரிவிஷன் ரைனோபிளாஸ்டி என்பார்கள். இங்கே சுருக்கமாக 'மறு அறுவை' என்றே வைத்துக்கொள்வோம்.

மூக்கு அறுவை செய்துகொள்பவர்களில் 100க்கு 5 முதல் 15 பேர் வரை மறு அறுவைக்குப் போகிறார்கள் என்பது மருத்துவ உலகில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே ஏமாற்றம் அடைந்தவர் தனி ஆள் இல்லை, வெட்கப்படவும் ஏதுமில்லை. ஆனால் அவசரப்பட்டு அடுத்த மருத்துவரைத் தேடும் முன், மூக்கு எப்படி நிற்கிறது, ஆறும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம்.

மூக்கு எதன்மேல் நிற்கிறது

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எல்லாச் சுவரையும் இடித்துவிட முடியாது. அறைகளைப் பிரிக்கும் மெல்லிய சுவரை அனுமதி வாங்கி எடுக்கலாம். கட்டடத்தைத் தாங்கும் சுவரில் கை வைக்கவே விடமாட்டார்கள். மூக்கிலும் அப்படித்தான்.

மூக்கின் மேல்பகுதி எலும்பு. கண்ணாடி உட்காரும் இடம் அது. அதற்குக் கீழே நடுப்பகுதியும் நுனியும் குருத்தெலும்பு, அதாவது காது மடலில் இருப்பதுபோல் அழுத்தினால் வளைந்து விட்டால் நிமிரும் பொருள். இவை எல்லாவற்றையும் நடுவில் நின்று தாங்குவது, இரண்டு நாசித் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர். அதன் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு.

நடுச்சுவரின் உள்பகுதியிலிருந்து குருத்தெலும்பை வெட்டி எடுத்து மூக்கின் வேறு இடத்தில் வைப்பது வழக்கம். அப்படி எடுக்கும்போது, மூக்குத் தண்டின் ஓரமாகவும் முன்புற ஓரமாகவும் குறைந்தது 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு சட்டத்தை விட்டுவைக்க வேண்டும். வீட்டின் தாங்கு சுவர் என்று நாம் சொன்னது இதைத்தான். முதல் அறுவையில் இந்தச் சட்டமே மெலியும் அளவுக்கு எடுத்துவிட்டால் மூக்குத் தண்டு நடுவில் குழிந்து, குதிரைச் சேணம்போல் உள்வாங்கும். அது உடனே தெரியாது. வீக்கம் வடிய வடியத்தான் தெரியும்.

சட்டத்துக்கு மேலே தோல். ஒரு நாற்காலிமேல் மல் துணியைப் போர்த்தினால் அதன் ஒவ்வொரு விளிம்பும் வெளியே தெரியும். கம்பளியைப் போர்த்தினால் உருவமே தெரியாது. நம்மில் பலருக்கு மூக்கு நுனித் தோல் கம்பளி வகை: தடிப்பானது, எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்தது. 'கூர்மையாக்குகிறேன்' என்று உள்ளே இருக்கும் சட்டத்தை அதிகமாகச் செதுக்கிவிட்டால், தடித்த தோல் அந்த அளவுக்குச் சுருங்கி ஒட்டாது. தோலுக்கும் சட்டத்துக்கும் இடையே வெற்றிடம் உண்டாகும். உடல் அந்த இடத்தைத் தழும்புத் திசுவால் நிரப்பிவிடும். தழும்புத் திசு என்பது காயம் ஆறும்போது உடல் போடும் கெட்டியான ஒட்டு. நுனிக்குச் சற்று மேலே அது திரண்டால் பக்கவாட்டில் பார்க்க மூக்கு வளைந்து தெரியும். நாம் கிளிமூக்கு என்கிறோமே, அதேதான். ஆங்கிலத்திலும் இந்தக் குறைக்குக் கிளியின் அலகை வைத்துத்தான் பெயர்.

குறைத்தால்தான் அழகு என்ற எண்ணத்தோடு செய்யப்படும் அறுவைகள் தடித்த தோலில் தோற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். அந்த மூக்குக்குத் தேவை செதுக்கல் இல்லை, உள்ளே உறுதியான தூண்.

ஓர் ஆண்டு என்பது சாக்குப்போக்கு இல்லை

"ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்று மருத்துவர் சொன்னால், தட்டிக்கழிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

அறுவையின்போது தோலைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். அப்போது நீரை வடிக்கும் நுண்குழாய்களும் அறுபடும். அவை மீண்டும் வளரும்வரை நீர் தேங்கியே இருக்கும். முதல் வாரம் மேல்கட்டு. 2, 3 வாரங்களில் கண்ணைச் சுற்றிய கன்றல் மறையும். 3 மாதத்தில் வீக்கத்தின் பெரும்பங்கு வடிந்துவிடும். மீதி இருப்பது நுனியில்தான், அது மெதுவாகத்தான் போகும். மெல்லிய தோலுக்கு சுமார் 12 மாதம். தடித்த தோலுக்கு 18 மாதம், சிலருக்கு 24 மாதம்கூட ஆகும். காலையில் மூக்கு பெரிதாகவும் மாலையில் சற்றுச் சிறிதாகவும் தெரிந்தால், இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள்.

தழும்புத் திசுவுக்கும் இதே காலம் வேண்டும். முதல் சில மாதங்கள் அது சிவந்து, கெட்டியாக, ரத்தக்குழாய்கள் நிறைந்து இருக்கும். பிறகுதான் மென்மையாகும். நான்காம் மாதத்தில் திறந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும், எது குருத்தெலும்பு எது தழும்பு என்று பிரிப்பது கடினமாகும். போதாததற்கு, தானாகவே சரியாகியிருக்கக்கூடிய ஒன்றுக்குக் கத்தி வைத்ததாக ஆகிவிடும்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. மூக்கு சிவந்து சூடாகி வலித்தால், சீழோ காய்ச்சலோ வந்தால், சிலிகான் வைத்த இடத்தில் தோல் மெலிந்து பளபளத்தால் அல்லது வெளுத்தால், நடுச்சுவரின் இருபுறமும் மெத்தென்று வீங்கி மூக்கு முழுவதும் அடைத்துக்கொண்டால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது நடுச்சுவரில் ரத்தம் கட்டியதாக இருக்கலாம். வடிக்காமல் விட்டால் குருத்தெலும்புக்கு ஊட்டம் போகாமல் அது சில நாள்களில் கரைந்துவிடும்.

சுருக்கமாக இதுவரை: மூக்கு ஒரு சட்டத்தின்மேல் நிற்கிறது, தோல் அதன்மேல் போர்வை. முதல் அறுவையின் உண்மையான பலனைக் காண ஓராண்டுக்குக் குறையாமல் ஆகும். தொற்று, தோல் மெலிதல், ரத்தக்கட்டு ஆகியவை மட்டுமே விதிவிலக்கு.

எது சரியில்லை என்று பெயர் சொல்ல முடிகிறதா

"பிடிக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் அறுவை செய்ய முடியாது. குறை வடிவத்திலா, மூச்சிலா, இரண்டிலுமா என்று முதலில் பிரிக்க வேண்டும்.

வடிவத்தைக் கைப்பேசி செல்ஃபியில் பார்த்து முடிவு செய்வது பெரிய தவறு. 2018ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடித் தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு, அதனால் அது மட்டும் உப்பித் தெரியும். வேறு ஒருவரை 1.5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, ஒரே வெளிச்சத்தில் ஆறு படம் எடுங்கள்: நேர்முகம், இரண்டு பக்கவாட்டு, இரண்டு முக்கால் பக்கம், தலையை அண்ணாந்து நாசித் துவாரம் தெரியும்படி ஒன்று. மாதம் ஒரு முறை எடுத்து வைத்தால், எது மாறிக்கொண்டிருக்கிறது, எது நிலைத்துவிட்டது என்று ஓராண்டில் தெளிவாகும்.

அப்போது சில குறைகளுக்குப் பெயர் சொல்லலாம். கிளிமூக்கையும் சேணக் குழிவையும் பார்த்தோம். எலும்பு முடியும் இடத்தில் தலைகீழ் 'வி'போல் நிழல் விழுந்தால், நடுப்பகுதிக் குருத்தெலும்பு எலும்பிலிருந்து நழுவி உள்ளே சரிந்திருக்கிறது. நாசி ஓரம் மேலேறித் துவாரம் அதிகமாகத் தெரிந்தால், நுனிக் குருத்தெலும்பை அளவுக்கு மேல் எடுத்திருப்பார்கள். நுனி கிள்ளியதுபோல் இருந்தாலும் பெரும்பாலும் அதே காரணம்தான்.

மூச்சுக் குறைதான் அதிகக் கவனம் வேண்டியது. அழகைப் பற்றியே பேசிப் பேசி அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

காகித ஸ்ட்ராவில் குளிர்பானம் குடித்திருப்பீர்கள். சற்று நேரத்தில் ஸ்ட்ரா ஊறி நமத்துப்போகும். பிறகு வேகமாக உறிஞ்சினால் அது தட்டையாக ஒட்டிக்கொள்ளும், பானம் வராது. மெதுவாக உறிஞ்சினால் கொஞ்சம் வரும். மூக்கின் நடுப்பகுதியில், நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே மிகக் குறுகலான ஓர் இடம் இருக்கிறது. அதை மருத்துவர்கள் வால்வு என்பார்கள். அங்கே தாங்கும் குருத்தெலும்பு வலுவிழந்தால், மூச்சை வேகமாக உள்ளே இழுக்கும்போது, ஊறிய ஸ்ட்ராவைப் போலவே சுவர் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். மாடிப்படி ஏறும்போதும் ஓடும்போதும் மூச்சு முட்டும், சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. குறுகலான குழாயில் சிறிது அகலம் குறைந்தாலும் காற்று பல மடங்கு தடைபடும் என்பதால், கண்ணுக்கே தெரியாத சரிவுகூட இப்படிப் படுத்தும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூக்கை ஒட்டிய கன்னத்தில் விரலை வைத்து, வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தபடி மூச்சை இழுங்கள். சட்டென்று காற்று தாராளமாக வந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். ஆனால் இது முடிவான சோதனை இல்லை. நல்ல மூக்கிலும் ஓரளவு வித்தியாசம் தெரியும்.

அடைப்புக்கு எல்லாமே அறுவைதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் தூசிப்பூச்சி ஒவ்வாமை மிகவும் சாதாரணம். மெத்தையும் குளிரூட்டியும் இருக்கும் படுக்கையறையில் காலையில் தும்மலும் அடைப்பும் வந்தால் அதையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் வீக்கம் குறைக்கும் மருந்தைத் தெளித்துச் சோதிப்பார்கள். தெளித்ததும் அடைப்பு விலகினால் குறை சவ்வு வீக்கத்தில் இருக்கிறது, விலகாவிட்டால் சட்டத்தில். அந்த மருந்தைக் கடையில் வாங்கி நீங்களே வாரக்கணக்கில் அடிக்காதீர்கள். சில நாள்களுக்குமேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். மூச்சு விடும்போது விசில் சத்தம், அடிக்கடி பொருக்கு, ரத்தக்கசிவு ஆகியவை நடுச்சுவரில் துளை விழுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை ஏன் கடினம்

ஒருவர் ஏற்கெனவே புதுப்பித்த வீட்டை வாங்கி மறுபடி புதுப்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஒப்பந்ததாரர் மின்கம்பியை எங்கே ஓட்டினார், எந்தக் குழாயைத் திருப்பினார் என்று ஓடுகளைப் பெயர்க்கும்வரை தெரியாது. மறு அறுவையிலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே முழுதாகத் தெரியும். அதனால்தான் முதல் அறுவையின் குறிப்பு இவ்வளவு முக்கியம், அதற்குப் பின்னால் வருவோம்.

மூன்று தடைகள் இருக்கின்றன. தழும்பு எல்லா அடுக்குகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும். தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் ஒரு முறை குறைக்கப்பட்டிருக்கும், ஆகவே தோலை மிக மெலிதாக்கவோ அதிகமாக இழுக்கவோ முடியாது. மூன்றாவதுதான் பெரியது: கட்டுமானப் பொருள் இருக்காது. சரிந்ததை நிமிர்த்தக் குருத்தெலும்புத் துண்டுகள் வேண்டும். இவற்றை ஒட்டு என்பார்கள். முதல் அறுவையிலேயே நடுச்சுவரிலிருந்து எடுத்திருந்தால், வேறு இடத்தில் தேட வேண்டும்.

காதுமடலின் கிண்ணப் பகுதியிலிருந்து எடுப்பது ஒரு வழி. காதின் வடிவம் அதிகம் மாறாது. ஆனால் அந்தத் துண்டு பொரித்த அப்பளம்போல் வளைந்திருக்கும், அளவும் குறைவு. நுனியைச் சீராக்கவும் நாசி ஓரத்தைத் தாங்கவும் அது போதும். சரிந்த தண்டைத் தூக்கி நிறுத்தப் போதாது.

அதற்கு விலா. நெஞ்சில் சுமார் 3 செ.மீ. கீறலிட்டு, பெரும்பாலும் 6ஆவது அல்லது 7ஆவது விலாவின் குருத்தெலும்பை எடுப்பார்கள். வேண்டிய அளவு கிடைக்கும், உறுதியும் உண்டு. பச்சை மரப்பலகை காயும்போது முறுக்கிக்கொள்வதுபோல் செதுக்கிய விலாத் துண்டும் வளையக்கூடும் என்பது அதன் குறை. துண்டின் நடுப்பாகத்தை எடுத்து, எல்லாப் பக்கமும் சமமாகச் செதுக்கினால் வளைவு குறையும். வயது ஏற ஏற விலாக் குருத்தெலும்பு எலும்பாக இறுகிப்போகும், செதுக்க வராது. நுரையீரல் உறை கிழிவது அரிது, ஆனால் நடக்கக்கூடியது. 2, 3 வாரங்களுக்கு இருமினால் நெஞ்சு வலிக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் அறுவையில் சிலிகான் வைத்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். ஆசியாவில் மூக்குத் தண்டை உயர்த்தச் சிலிகான் வைப்பது பரவலான வழக்கம். உடல் அதைச் சுற்றி ஓர் உறையைக் கட்டும். அந்த உறை இறுகினால் நுனி மேலே இழுக்கப்பட்டு மூக்கு குட்டையாகிவிடும். தொற்றும் சேர்ந்தால் முதலில் சிலிகானை எடுத்துவிட்டு, தோல் இளகும்வரை சில மாதம் காத்திருந்து, பிறகு விலா வைப்பதுதான் பலருக்கு வழி. ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

இந்த எல்லாக் காரணங்களாலும் மறு அறுவை பெரும்பாலும் முழு மயக்கத்தில், இரண்டு துவாரங்களுக்கும் இடைப்பட்ட தோலில் கீறித் திறந்து, 3 முதல் 5 மணி நேரம் செய்யப்படும். செலவும் அதற்கேற்ப.

ஊசியால் தப்பிக்க முடியுமா

கிளிமூக்குக்குக் காரணம் தழும்புத் திசுவாக இருந்தால், ஆரம்ப மாதங்களில் குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசி உதவும். சில வாரங்கள் இடைவெளி விட்டுப் போடுவார்கள். அளவு மீறினால் தோல் மெலிந்து குழியாகும்.

சிறு பள்ளத்தை ஃபில்லர் ஊசியால் நிரப்பலாம் என்ற விளம்பரங்களை மிகுந்த எச்சரிக்கையோடு பாருங்கள். மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. ஃபில்லர் தவறிக் குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், பார்வையே போகலாம். அறுவை நடந்த மூக்கில் குழாய்கள் இடம் மாறித் தழும்பில் ஒட்டியிருக்கும் என்பதால் ஆபத்து அதிகம். மதிய உணவு இடைவேளையில் முடித்துவிடக்கூடிய வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூரில் யாரிடம் போவது, யார் பணம் கட்டுவது

'அழகியல் மருத்துவர்' என்பது இங்கே அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத்துறை இல்லை. மூக்கு அறுவையில் சிறப்புப் பயிற்சி இருப்பது பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணருக்கும் காது மூக்கு தொண்டை நிபுணருக்கும்தான். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் மருத்துவரின் பெயரைத் தட்டினால், அவர் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறாரா, எந்தத் துறையில் என்று இலவசமாகப் பார்க்கலாம். அதோடு, மறு அறுவைகளை அவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார், விலாவை வைத்துச் செய்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். இதைக் கேட்டால் கோபப்படும் மருத்துவரிடம் மூக்கைக் கொடுக்க வேண்டாம்.

அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பையோ மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையோ பயன்படுத்த முடியாது. மூச்சுத் தடையைச் சரிசெய்ய மருத்துவத் தேவை என்று உறுதியானால் அந்தப் பகுதிக்கு மட்டும் கோரலாம், மீதி உங்கள் பணம். எனவே மதிப்பீட்டுச் சீட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூச்சுத் தொந்தரவு முக்கியமென்றால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பொது மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போவது நல்ல தொடக்கம்.

சோலிலோ பேங்காக்கிலோ சென்னையிலோ முதல் அறுவை செய்துகொண்டவர்கள், அறுவைக் குறிப்பை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். குருத்தெலும்பு எங்கிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது, எந்த ஒட்டு எங்கே வைக்கப்பட்டது, சிலிகான் வைத்திருந்தால் அதன் வகையும் அளவும், எலும்பை உடைத்தார்களா என்பவை அதில் இருக்க வேண்டும். முதல் அறுவைக்கு முன் எடுத்த படங்களும் வேண்டும்.

ஆலோசனைக்குப் போகும்போது குறைகளை வரிசைப்படுத்தி மூன்றே மூன்று எழுதிக்கொண்டு போங்கள். "இதில் எதைச் சரிசெய்ய முடியும், எதை ஓரளவு, எதை முடியவே முடியாது" என்று கேளுங்கள். மூன்றுக்கும் "முடியும்" என்று உடனே பதில் வந்தால் இன்னொருவரையும் பாருங்கள்.

மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையை நினைத்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் கண்ணாடி முன் நிற்பதும், அதற்காக வேலைக்கோ விசேஷங்களுக்கோ போகாமல் இருப்பதும் மனநலப் பிரச்சினையின் அறிகுறியாக இருக்கலாம். அதற்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு, ஆனால் அறுவை அதற்கு மருந்து இல்லை. பலதுறை மருந்தகத்திலோ மனநலக் கழகத்திலோ முதலில் பேசுவது நல்லது. அக்கறையுள்ள அறுவை மருத்துவரே இதைக் கேட்பார். கேட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாள் குறித்த பிறகு

புகைப்பதை 4 வாரம் முன்பே நிறுத்தி, பின்னும் 4 வாரம் தொடாதீர்கள். நிக்கோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த தோலுக்கு அது பெரிய அடி. நிக்கோட்டின் மிட்டாயும் அதே கணக்குத்தான். மீன் எண்ணெய், ஜின்செங், வைட்டமின் ஈ மாத்திரைகளை 2 வாரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்காக அதைத் தந்த மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எலும்பை உடைத்துச் சீராக்கியிருந்தால் 4 முதல் 6 வாரம் மூக்கின்மேல் கண்ணாடி உட்காரக் கூடாது. இங்கே பாதிப் பேருக்குக் கண்ணாடி இல்லாமல் பேருந்து எண் தெரியாது. ஆகவே கான்டாக்ட் லென்ஸை முன்பே பழகிக்கொள்ளுங்கள், அல்லது கண்ணாடியை நெற்றியில் டேப் ஒட்டித் தொங்கவிடும் முறையைக் கேளுங்கள். 2 வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, உப்புநீர் விட்டுக் கழுவலாம். தேசிய சேவையில் இருப்பவர்கள் முகாம் மருத்துவ அதிகாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மூக்கில் அடிபடக்கூடிய பயிற்சி சில மாதங்களுக்கு ஆகாது.

மறு அறுவையில் வீக்கம் வடிய முதல் முறையைவிட அதிகக் காலம் எடுக்கும். ஆறு கோணப் படங்களை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடி தொடங்குங்கள்.

மூக்குத்தி போட்டிருப்பவர்கள் கடைசி நேரத்தில்தான் அதை நினைப்பார்கள். அறுவைக் கூடத்துக்குள் உலோகத்தை விடமாட்டார்கள், கழற்றினால் துளை தூர்ந்துவிடலாம். துளையைக் காப்பாற்ற வழி உண்டா என்று ஆலோசனையின்போதே கேட்டுவிடுங்கள். தூர்ந்துபோனால் சிராங்கூன் சாலையில் மறுபடி குத்திக்கொள்ளலாம். ஆனால் நாசி ஓரத்தில் ஒட்டு வைத்திருந்தால், எந்த இடத்தில் குத்தலாம், எப்போது குத்தலாம் என்று அறுவை செய்த மருத்துவர் குறித்துக் கொடுத்த பிறகுதான்.